மாலைக்குப் பின்னால் நிற்பவனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. கெட்டியான தாள், பொன்னிற எழுத்து. முதலில் பிள்ளையார், அவருக்குக் கீழே உன் பாராளுமன்ற உறுப்பினர், அவருக்குக் கீழே மணமக்கள், எல்லோருக்கும் கீழே உன் அம்மாவும் நானும். பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட அவர் இசைந்தது எங்கள் பாக்கியம் என்று அச்சிட்டிருக்கிறாய். அந்த 'எங்கள்' என்பதில் நானும் அடக்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அம்மா பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு, ஈரம் பட்டுவிடும் என்று அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றினாள். நம் வீட்டில் இப்போது ஈரம் படாத இடம் அது ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்லி எழுதுவது உலக வழக்கம். குடும்பம் நடத்துவது பற்றி அம்மா சொல்வாள், நடத்தியவள் அவள். எனக்கு முறையாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று: வாக்களித்த மக்கள் தாங்கள் தெரிவுசெய்தவரை எப்படித் தொடர்புகொள்வது என்பது. கணக்கப்பிள்ளையாக இருந்து பால்வெட்டுக்காரர்களின் வேலையைப் பதிந்த காலமெல்லாம் இந்த ரப்பர் தோட்டத்து மனுக்களையும் நான்தான் எழுதினேன். நீ இன்று அந்த மனுக்கள் போய்ச் சேரும் மேசையில், பாராளுமன்ற உறுப்பினரின் இணைப்புச் செயலாளராக உட்கார்ந்திருக்கிறாய். ஒருவர் எழுதுகிறார், மற்றவர் பெற்றுக்கொள்கிறார். ஒரே குடும்பத்தில் இரண்டும் இருப்பது நாட்டில் அரிது. ஆகவே ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டு இந்தக் கடிதத்தை ஒரு செய்திப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். வேறு யாருக்காவது பயன்படலாம்.

உனக்குத் தெரிந்ததை, படிக்கிறவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நம் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் உள்ள மேட்டில் பழைய ரப்பர் மரங்களை வேரோடு பிடுங்கினார்கள். அதற்கடுத்த மழையில் மேட்டின் குறுக்கே ஒரு வெடிப்பு விழுந்தது. மண்ணைப் பரிசோதிக்கிற அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே குடியிருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள். எங்கே குடியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வேலை அல்ல. அன்றிலிருந்து மழை பிடித்தால் லயத்துச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகிறது, விட்டால் திரும்பி வருகிறது. ரோட்டோரமாக, முன்பு ரப்பர் கன்று வளர்த்த நர்சரி நிலம் சமதரையாகச் சும்மா கிடக்கிறது. அதைத் தாருங்கள் என்று கொம்பனியிடம் கேட்டால், நிலம் அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள் என்கிறது. அரசாங்கத்திடம் கேட்டால், குத்தகைக்குக் கொடுத்த நிலம், கொம்பனிதான் விட்டுத்தர வேண்டும் என்கிறது. இருவர் சொல்வதும் உண்மை. ஒருவர் பொய் சொல்லியிருந்தால் அவரைப் பிடித்திருக்கலாம்.

இந்த நிலையில் நாங்கள் முதலில் செய்தது, நம் பகுதி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். மலைக்கு அந்தப் பக்கம், வேறொரு மாவட்டத்தில், தமிழ் பேசுகிற மந்திரி ஒருவர் இருந்தார். அவரைத் தேடி வேன் பிடித்துப் போனோம். நீயும் வந்தாய், அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாய். அவர் வீட்டு முற்றத்தில் காலையிலிருந்து காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்டார்கள். "எந்தத் தோட்டம்?" என்றார். எங்களோடு வந்த தோட்டத்துச் சங்கத் தலைவர் சொன்னார். "அது எந்த மாவட்டம்?" என்றார். "கேகாலைங்க ஐயா." அவர் தம் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார். "நம்ம ஆளுங்க எங்க இருந்தா என்ன, எல்லாம் நம்ம ஆளுங்கதானே," என்றார் மந்திரி. தேநீர் வந்தது. கிளம்பும்போது ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தார்கள், அவருடைய படம் போட்டது.

திரும்பும் வழியில் பக்கத்து வீட்டுக் கமலா அத்தை தலைவரைக் கேட்டாள். "டீ நல்லாத்தான் இருந்துச்சு. எடம் எப்ப தருவாராம்?"

பின் சீட்டிலிருந்து யாரோ, "அதுக்குத்தானே காலண்டர் குடுத்திருக்காரு, எண்ணிக்கிட்டு இருங்க," என்றார்கள். வேன் முழுக்கச் சிரித்தது. நீதான் அதிகமாகச் சிரித்தாய்.

அந்தக் காலண்டரை அம்மா நம் வீட்டுச் சுவரில் விழுந்த வெடிப்பின் மேல் மாட்டினாள். அளவு சரியாக இருந்தது. மழைக்காலத்தில் மந்திரியின் ஒரு கன்னம் மட்டும் கொஞ்சம் உப்பும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு விழுந்த வாக்குகளில் நம்முடையது ஒன்றுகூட இல்லை, விழவும் முடியாது. நம் வாக்கு இந்த மாவட்டத்தில் விழும், நம் மனு அந்த மாவட்டத்துக்குப் போகும். நம் வாக்கும் சேர்ந்து தெரிவான சிங்கள உறுப்பினர்களுக்கோ, நம் தோட்டத்திலிருந்து அதுவரை ஒரு தபாலட்டைகூடப் போனதில்லை. அவர்கள் நம் மொழிக்காரர்கள் இல்லையாம். ஆகவே, இதைப் படிக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: யாருக்கு உங்கள் வாக்கு அடுத்த முறையும் தேவைப்படுமோ, அவருக்கு எழுதுங்கள். அவர் என்ன பாஷை பேசுகிறார் என்பது அதற்கப்புறம்.

இதை நான் சொன்னபோது சட்டென்று பிடித்துக்கொண்டவன் நீ. பக்கத்து டவுனான யட்டியாந்தோட்டையின் சிங்களப் பையன்களோடு விளையாடி வளர்ந்ததால் உனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தேர்தல் வந்தது. நீ ஒரு வேட்பாளரைத் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தாய்.

யார் வந்தாலும் மாலை போடுவது நம் பழக்கம். தோட்டத்து மனேஜர் தொரை வந்தால் மாலை, தொரை மாறிப் போனால் மாலை. அவருக்கும் தப்பு அடித்து, பொட்டு வைத்து, மாலையும் பொன்னாடையும் போட்டோம். அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் மனுவையும் நீட்டுவோம். நீ யோசித்துப் பார். மாலை போட்ட மனிதனால் குனிந்து வாசிக்க முடியாது. பூ தாடையில் இடிக்கும். ஒரு கை கும்பிட வேண்டும், மற்றது பொன்னாடையைப் பிடிக்க வேண்டும். படம் பிடிக்கிறவன் இங்கே பாருங்கள் என்கிறான். அவர் மனுவைத் தொட்டு, படத்துக்குச் சிரித்து, திரும்பிப் பாராமலே பின்னால் நீட்டுகிறார். மாலைக்குப் பின்னால் எப்போதும் ஒருவன் நிற்பான். இத்தனை வருடங்களாக நாங்கள் மனுக் கொடுத்ததெல்லாம் அந்த ஒருவனிடம்தான். அன்று அங்கே நின்றவன் நீ. எங்களுக்கு உச்சி குளிர்ந்தது.

கமலா அத்தை மேடைக்குக் கிட்டப் போய்க் கேட்டாள். "ஐயா, மழை வந்தா மேல இருந்து மண்ணு வருது. புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடுறோம். பழைய நர்சரி எடம் சும்மாதான் கெடக்கு. அத எங்களுக்கு வாங்கித் தருவீங்களா?"

நீ சிங்களத்தில் சொன்னாய், சரியாகத்தான் சொன்னாய். அவர் அத்தையின் கையைத் தட்டிக் கொடுத்து, 'பலமு, பலமு' என்றார். அப்புறம் இந்தப் பக்கத்து மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். நீ மைக்கை வாங்கினாய். "ஐயா கட்டாயம் செஞ்சு தர்றேன்னு சொல்றாரு," என்றாய். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

மகனே, இந்தப் பக்கத்தில் சிங்களம் தெரியாத தமிழர் யார்? கடையில் சிங்களம், பஸ்ஸில் சிங்களம், ஆஸ்பத்திரியில் சிங்களம். கமலா அத்தை சண்டை பிடிப்பதே சிங்களத்தில்தான். அதில்தான் வேகம் வருகிறது என்பாள். 'பலமு' என்றால் 'பார்ப்போம்' என்பது அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும். எல்லோரும் 'பார்ப்போம்' என்பதைத் தங்கள் காதால் கேட்டுவிட்டு, 'செய்து தருகிறேன்' என்பதற்குக் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு அத்தையிடம் கேட்டேன். "எனக்கு வெளங்காமயா இருந்துச்சு?" என்றாள். "அவரு சொன்னத யாரு நம்புனா? தம்பி சொன்னத நம்புனேன். நம்ம லயத்துப் புள்ள நமக்கே பொய் சொல்லுமா?"

ஆக, நாங்கள் வாக்களித்தது அவருக்கு அல்ல. உன் மொழிபெயர்ப்புக்கு. அது அமோகமாக வெற்றி பெற்றது.

அவர் பாராளுமன்றம் போனார், நீ அவருடைய அலுவலகத்துக்குப் போனாய். லயத்தில் அன்று பாற்சோறு பொங்கினோம். இனி மனு எதற்கு, தபால் எதற்கு, ஒரு போன் போதும் என்றார் தலைவர். எல்லோரும் என் போனிலிருந்துதான் பேசினார்கள். அப்பாவின் நம்பர் என்றால் எடுப்பாய் என்று நினைத்தார்கள். முதலில் எடுக்கவும் செய்தாய். பாராளுமன்ற உறுப்பினர் அதற்குள் உனக்கு 'சேர்' ஆகியிருந்தார். "சேர் மீட்டிங்ல இருக்காருப்பா." "சேர் வாகனத்துல போறாரு, சிக்னல் இல்ல." "சேர் இப்பதான் சாப்பிட ஒக்காந்தாரு." இப்படி அவருடைய நாளாந்த வாழ்க்கையைப் பற்றி எனக்கு நல்ல அறிவு உண்டாயிற்று. நீ சொல்லித்தான் நான் கடிதமாகவும் எழுதினேன். பதில் வந்தது: 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய நடவடிக்கைக்காக உரிய தரப்பினருக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது.' கீழே உன் கையெழுத்து. அப்பா என்று ஒரு சொல் அதில் இல்லை. அரசாங்கக் கடிதத்தில் இருக்கவும் கூடாதுதான். அம்மா அதை லயம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள். "எழுத்த பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு," என்றாள். உரிய தரப்பினர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பின்னொரு நாள் யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு கடை திறக்க உன் சேர் வந்திருந்தார். அன்று நீ கொழும்பில். நான் மாலை இல்லாமல், மனு இல்லாமல், வெறுங்கையோடு போய் அவர் முன் நின்றேன். உன் தகப்பன் என்று சொல்லிக்கொண்டு, மேட்டு வெடிப்பையும் நர்சரி நிலத்தையும் பற்றிச் சிங்களத்தில் பேசினேன். அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "ஐயோ, எனக்கு யாருமே சொல்லலியே. உங்க மகன் என்னோடதானே இருக்கார்," என்றார், அதுவும் சிங்களத்தில்தான். மொழிபெயர்க்க நீ அங்கே இல்லாததால், அவர் சொன்னது அப்படியே எனக்கு விளங்கிவிட்டது.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடியவர்தான். பஸ்ஸில் வரும்போது வழி நெடுக அதைத்தான் யோசித்தேன். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். ஒருவர் அரசியல்வாதி, மற்றவன் என் மகன். இதில் முடிவெடுக்க ஒரு தகப்பனுக்கு இவ்வளவு நேரம் பிடிக்கக் கூடாது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. திரும்பி நடந்து வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சேர் நல்லா இருக்காரா என்று கேட்டாள். நல்லா இருக்காரு என்றேன்.

அதற்குப் பிறகுதான் உன்னை நம்பாமல் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டேன். பஜாரில் கொமினிகேசன் கடை வைத்திருக்கும் மாவனல்லை முஸ்லிம் பெரியவர், எங்களுக்கு நானா, அவர்தான் நம் மனுக்களை டைப் அடித்துக் கொடுப்பவர். நான் நீட்டிய கட்டைப் புரட்டிப் பார்த்தார். "கணக்கப்பிள்ளை ஐயா, இது மிச்சம் நீளமா ஈக்குதே. இத வாசிக்க அந்த மனிசனுக்கு ஏலுமா? அவர் எம்பியா, பரீட்சைப் பேப்பர் திருத்துற மாஸ்டரா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மனு எழுதும்போது நம் பாட்டன் வந்த கப்பலிலிருந்து தொடங்குவது என் பழக்கம். அந்தக் கப்பல் கரை சேர்வதற்குள் வாசிக்கிறவர் எழுந்து போய்விடுவார். கப்பலை எடுத்தேன். மாண்புமிகுவையும் பொற்பாதங்களையும் எடுத்தேன். மிஞ்சியது ஒரே பக்கம்: நாங்கள் யார், எந்த வாக்காளர் இடாப்பில் இருக்கிறோம், மண் அதிகாரிகள் என்ன எழுதினார்கள், எங்களுக்கு எந்த நிலம் வேண்டும், எப்போதைக்குள். ஒரு பக்கத்துக்கு ஒரு கோரிக்கை. கோயில் திருத்த வேலையையும் விளையாட்டு மைதானத்தையும் அதிலேயே சேர்க்கச் சொன்ன தலைவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ஒற்றைப் பக்கத்தோடு பொதுமக்கள் தினத்தில் பிரதேச செயலகத்துக்குப் போனேன். காணி விஷயங்களைப் பார்க்கிற சிங்களப் பெண் ஒருவர் அதை முழுக்க வாசித்தார். என் மனு ஒன்றை ஒருவர் கடைசி வரியை எட்டும் வரை வாசித்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன். கொம்பனியையும் காணி அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடிய இடம் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம்; அதற்குத் தலைமை தாங்குபவர் உங்கள் பாராளுமன்ற உறுப்பினர்; இந்த விஷயம் நிகழ்ச்சிநிரலில் ஏறினால் அன்றே இரு பக்கமும் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். "பார்த்துச் செய்யுங்கள் என்று கேட்காதீர்கள். நிகழ்ச்சிநிரலில் போடுங்கள் என்று கேளுங்கள்," என்றார். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். அந்த நிகழ்ச்சிநிரலே உன் மேசையைத் தாண்டித்தானே போகிறது.

அப்படியே எழுதினோம். தமிழிலும் சிங்களத்திலும், வீட்டுக்கு வீடு கையெழுத்தோடு. பாராளுமன்ற விலாசத்துக்கு ஒன்று, மாவட்டத்தில் உள்ள அவர் அலுவலகத்துக்கு ஒன்று, பிரதேச செயலாளருக்கு ஒன்று. நம் மாவட்டத்து எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி; யார் யாருக்குப் பிரதி போகிறது என்பதைக் கடிதத்தின் கீழேயே எழுதினோம். அந்த ஒரு வரி மேலே உள்ள மற்ற வரிகளையெல்லாம் விட வேலை செய்யும். எல்லாம் பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கித் திரும்பி வருகிற அட்டையோடு. அட்டைகள் வந்த பிறகு போன் எடுத்தோம். 'எங்க விஷயம் என்னாச்சு' என்று கேட்கவில்லை. அதற்குப் 'பார்க்கிறோம்' என்று பதில் சொல்லலாம். 'கூட்டம் எந்தத் திகதி, நாங்கள் எத்தனையாவது' என்று கேட்டோம். திகதியைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாதபடி கேட்பதுதான் இதில் பாதி வித்தை. நான் மட்டுமல்ல, வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துக் கேட்டோம். உன் மேசைக்கு அல்ல, பிரதேச செயலகத்துக்கு.

திகதி வந்தது. நர்சரி நிலம் நிகழ்ச்சிநிரலில் ஏறியது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள். கமலா அத்தை அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாலை போடாமலேயே வேல நடக்குமா?" என்றாள். "அப்ப இவ்வளவு நாளும் எதுக்கு அந்த ஆளுங்க கழுத்துல பூவ கட்டிவிட்டோம்?"

அதே வாரத்தில் இரண்டு தபால்கள் வந்தன. ஒன்று உன் கல்யாணப் பத்திரிகை. மற்றது, குழுத் தலைவரான பாராளுமன்ற உறுப்பினருக்கு அன்றைய தினம் தவிர்க்க முடியாத வேறு கடமை இருப்பதால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது, மறு திகதி பின்னர் அறிவிக்கப்படும் என்பது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே திகதி. ஐயர் நல்ல நாள் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நல்ல நாள்தான், நாங்களும் அந்த நாளை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருடைய டயரி உன் கையில். அன்று பாராளுமன்றம் கூடாது, அவர் மாவட்டத்தில் நிற்பார் என்று பார்த்து முகூர்த்தம் குறித்தாய். அவர் மாவட்டத்தில் நிற்பது எங்கள் கூட்டத்துக்காக என்பதும் அதே வரியில் எழுதியிருக்கும்.

போன் எடுத்தேன். அன்றைக்கு எடுத்தாய்.

"அப்பா, அது சின்ன மீட்டிங். அடுத்ததுல போட்டுக்கலாம்."

"அடுத்தது எப்ப?"

"அறிவிப்பாங்கப்பா."

"மழைக்கு முன்னயா, பின்னயா?"

"கல்யாண நேரத்துல அரசியல் பேசாதீங்கப்பா. இன்னொன்னு, லயத்து ஆளுங்கள மனு கினுன்னு எதையும் கல்யாண ஹோலுக்குக் கொண்டாற வேணாம்னு சொல்லிருங்க. சேர் சங்கடப்படுவாரு."

சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். 'தம்பி கல்யாணத்துல எதுக்குங்க' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பொன்னாடை மட்டும் கொண்டுவரலாமா என்று தலைவர் கேட்டார்.

இவ்வளவும் நடந்த பிறகும் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். மகன்கள் தகப்பன்களுக்குச் செய்வதில் இது பெரிதல்ல என்று இருந்திருப்பேன். போன கிழமை அம்மாவின் போனுக்கு நீ குரல் பதிந்து அனுப்பினாய். தாலி கட்டிய பிறகு பெண்ணை நம் வீட்டுக்கு அழைத்து வந்து, வலது கால் வைத்து, விளக்கேற்றி, பால்பழம் கொடுப்பதற்காக அம்மா குத்துவிளக்கை விளக்கித் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அவளுக்குத்தான் நீ பேசினாய். உன் சொற்களை அப்படியே எழுதுகிறேன்:

"அம்மா, பொண்ண அங்க கூட்டிட்டு வர வேணாம். மழை எப்ப பிடிக்கும்னு தெரியாது. அந்த மேடு எந்த நேரம் எறங்கும்னு யாருக்கும் சொல்ல ஏலாது. அவங்க வீட்டு ஆளுங்களும் வருவாங்க, அவ்வளவு பேர வச்சு ரிஸ்க் எடுக்க ஏலாதும்மா. ஹோல்லயே வெளக்கு ஏத்திக்குவோம். அந்த எடத்துல ஒரு மணித்தியாலம்கூட மனுசங்கள நிக்க வைக்கக் கூடாது."

அம்மா அதை ஒரு முறை கேட்டாள். மறுபடி போட்டாள். நம் வீட்டுக்கும் கமலா அத்தை வீட்டுக்கும் நடுவே உள்ள பலகைச் சுவர் எந்தச் சத்தத்தையும் மறைக்காது என்பது உனக்குத் தெரியும். அத்தை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, தம்பி சரியாத்தானே சொல்லுது. புதுப் பொண்ணு, பாவம்," என்றாள்.

அத்தை முந்தானையால் வாசற்படியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நாமதான் பழைய பொண்ணுங்க," என்றாள்.

மண் அதிகாரிகள் எழுதியதை விட, நான் எழுதிய எல்லா மனுக்களையும் விட, நம் நிலைமையைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எடுத்துச் சொன்னவன் நீதான். ஒரே பக்கம், ஒரே விஷயம். பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து இந்த மேட்டைப் பற்றி வந்த முதல் ஒப்புதலும் அதுதான். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாது என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் உனக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால் நீ என் மகனாகவே இருந்திருப்பாய்.

நான் நானாவின் கடைக்குப் போனேன். உன் குரலைப் போட்டுக் காட்டி, சொல்லுக்குச் சொல் டைப் அடிக்கச் சொன்னேன். அவர் ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார். "ஐயா, இது ஒங்கட மகன்தானே?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் பகிடி ஒன்றும் விடாமல் அடித்துக் கொடுத்தார். காசும் வாங்கவில்லை. சிங்களத்தில் மொழிபெயர்த்தவன் நான்தான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அதை இணைப்பாகச் சேர்த்து, உன் சேருக்கும் பிரதேச செயலாளருக்கும் எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். கோரிக்கை ஒன்றுதான்: ஒத்திவைத்த கூட்டத்தை மழைக்கு முன்னால் நடத்துங்கள். தங்கள் இணைப்புச் செயலாளரின் மணப்பெண் ஒரு மணித்தியாலம் நிற்கக் கூடாத இடத்தில் தங்கள் வாக்காளர்கள் குடியிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"இதால அவன் வேலைக்கு ஒன்னும் ஆயிறாதுங்களா?" என்றாள்.

"ஆகலாம்."

"கல்யாணத்துக்கு நம்மள வர வேணாம்னு சொல்லிட்டான்னா?"

"சொல்லலாம்."

அவள் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "நான் எங்க போடணும்?" என்றாள். கீழே, அந்தக் குரல் தன் மகனுடையதே என்பதற்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அந்த இடத்தைக் காட்டினேன். போட்டாள். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்துகள். ஒன்றைப் பத்திரிகையில் நீ அச்சிட்டுவிட்டாய்.

வரச் சொன்னால் வருவோம். கல்யாண ஹோல் இருக்கிற வரக்காப்பொலைக்கு முதல் பஸ்ஸில் வந்து, முன் வரிசை கொடுத்தால் முன் வரிசையில், இல்லாவிட்டால் இருக்கிற இடத்தில் உட்காருவோம். அட்சதை போடுவோம். அவரிடம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேச வேண்டியது ஏற்கெனவே தபாலில் போயிருக்கிறது. மருமகள் நல்ல பிள்ளை, அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவளை எங்கே நிற்க வைக்கக் கூடாது என்று நீ நினைத்தாயே, அந்த நினைப்பு சரி. அதை அவளோடு நிறுத்திக்கொண்டாய் என்பதுதான் குறை. குத்துவிளக்கை ஹோலுக்குக் கொண்டுவர மாட்டேன் என்கிறாள் அம்மா. நர்சரி இடத்தில் வீடு எழும்பும் நாளில் மருமகளே வந்து ஏற்றட்டும் என்று மறுபடி சுற்றி, பத்திரிகைக்குப் பக்கத்தில் மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

அந்தக் கடிதத்தின் கீழே, 'பிரதி: இணைப்புச் செயலாளர்' என்று உனக்கும் ஒன்று போட்டேன். அதோடு விட மனம் வராமல்தான் இதை எழுதினேன். எல்லாமே பதிவுத் தபால். உன் சேருக்கும் உனக்கும் உள்ள அட்டைகள் உன் மேசைக்குத்தான் வரும். பெற்றுக்கொண்டேன் என்று போட வேண்டியவன் நீ. உன் எழுத்து அழகு என்று அம்மா இப்போதும் சொல்கிறாள். போட்டு அனுப்பு. அட்டை வரும் வரை தினமும் தபால்காரரைக் கேட்பேன்.

இங்கே இன்னும் மழை தொடங்கவில்லை.

இப்படிக்கு,
உன் சேரின் வாக்காளன்,
உன் அப்பா